கோஜிப் பழமும் கொல்லைப்புற மணத்தக்காளியும்

காரைக்காலுக்கு வெளிநாட்டுப் பொருள் புதிதல்ல. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் இருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா போய் வருகிறவர்களும் உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் முன்பெல்லாம் சென்ட், சாக்லேட், கோடாலித் தைலம் வரும். இப்போது சிவந்து சுருங்கிய உலர்பழப் பொட்டலங்களும் வருகின்றன. நகரத்தை ஒட்டிய தருமபுரம் வரை அவை வந்துசேர்ந்துவிட்டன. "கண்ணுக்கு நல்லது, சுகருக்கு நல்லது, வயசே தெரியாது" என்ற மூன்று வாக்கியங்களும் பொட்டலத்தோடு சேர்ந்தே கைமாறுகின்றன. அனுப்ப ஆள் இல்லாதவர்கள் ஆன்லைனில் வாங்குகிறார்கள். விலை கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

கோஜி பெர்ரி என்ற இந்தப் பழத்தில் இருக்கும் சேர்மங்கள் எவை, அவற்றைத் தின்ற மனிதர்களிடம் உண்மையில் என்ன நடந்தது என்று கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆய்வுகளை வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் விஷயத்தில் கோஜியின் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. சர்க்கரை, ஆயுள், எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சான்று சேரவில்லை. கண்ணுக்கு உதவும் அந்த ஒன்றும், ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று விளம்பரம் பொதுவாகச் சொல்லும் காரணத்தால் உதவுவதாகத் தெரியவில்லை.

இமயமலையில் விளையாத பழம்

கோஜி, கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி. தக்காளி, மிளகாய், சுண்டைக்காய், தூதுவளை, மணத்தக்காளி, அமுக்கரா, ஏன், ஊமத்தையும்கூட இதன் உறவுக்காரர்கள்தான். தாவரவியலில் லைசியம் பார்பரம், லைசியம் சைனென்ஸ் என இரண்டு இனங்கள் இந்தப் பெயரில் விற்பனையாகின்றன. மேற்கத்தியச் சந்தையில் 'இமயமலைப் பழம்' என்று பெயர் வாங்கினாலும், பெரும்பாலான சரக்கு விளைவது வட சீனாவில் மஞ்சள் ஆறு பாயும் நிங்சியா சமவெளியிலும் அதற்கு மேற்கே சிங்ஹாய், சின்ஜியாங் பகுதிகளிலும்தான். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் தளிர்க்கும் புதர்ச்செடி அது. உப்பு மண்ணைத் தாங்கும் என்பதால் நம் கடலோரத்துக்கு ஏற்றது என்று யாராவது நாற்று விற்க வந்தால், அரசலாற்றங்கரையின் புழுக்கத்தில் அதற்கு அந்த உறக்கம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

சீன மருத்துவத்தில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் உகந்தது என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்படும் பழம் இது. அங்கே இதைப் பிடி பிடியாகத் தின்பதில்லை. சூப்பிலும் கஞ்சியிலும் தேநீரிலும் சிறிதளவு சேர்ப்பார்கள். சீன அரசின் மருந்தியல் நூல் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 6 முதல் 12 கிராம். சிங்கப்பூர், பினாங்கு, ஈப்போ பக்கம் இருந்தவர்களுக்குக் கோழி சூப்பில் மிதக்கும் இந்தச் சிவப்பு மணிகளைத் தெரிந்திருக்கும். கூடவே கிடக்கும் சீனச் 'சிவப்புப் பேரீச்சை' நம் இலந்தைக்கு உடன்பிறப்பு.

இந்த அடக்கமான சமையல் பொருள், 2000க்குப் பிறகு மேற்கே ஜூஸ் பாட்டிலில் ஏறி, பலஅடுக்கு விற்பனை முறையில் வீடு வீடாகப் போனது. 1933இல் இறந்த லி சிங் யுவன் என்ற சீன மூலிகைக்காரர் 250 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார், காரணம் கோஜி என்ற கதையும் கூடவே போனது. ஆரஞ்சைவிட 500 மடங்கு வைட்டமின் சி என்றார்கள். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் உலர் கோஜியில் இருக்கும் வைட்டமின் சி 48 மில்லிகிராம். அதே எடை ஆரஞ்சில் ஏறக்குறைய அதே அளவுதான். அதுவும் நீர் வற்றிய பழத்தை நீருள்ள பழத்தோடு ஒப்பிட்டும் இவ்வளவுதான். 500 மடங்கு எங்கிருந்து வந்ததோ, விற்றவர்களுக்கே வெளிச்சம்.

உள்ளே இருப்பவை

கோஜி பற்றிய ஆய்வுத்தாள்களில் பெரும்பகுதி அதன் பாலிசாக்கரைடுகளைப் பற்றியது. நீரில் கரையும் இந்தக் கூட்டுச் சர்க்கரைகள் உலர்பழத்தில் 5 முதல் 8 சதவீதம். சீன மருந்தியல் நூல் குறைந்தது 1.8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. இவை ஒற்றைப் பொருள் இல்லை. அராபினோஸ், காலக்டோஸ் போன்ற சர்க்கரைகள் கிளைகிளையாகப் பின்னி, சிறிது புரதமும் ஒட்டிக்கொண்ட பெரிய மூலக்கூறுகளின் கூட்டம். எந்த வயல், எந்தப் பருவம், எப்படிச் சாறெடுத்தது என்பதைப் பொறுத்து இதன் சேர்க்கை மாறும். ஒரு ஆய்வகத்தின் கோஜி பாலிசாக்கரைடு இன்னொரு ஆய்வகத்தினதோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். இவ்வளவு பெரிய மூலக்கூறு குடலைத் தாண்டி ரத்தத்தில் அப்படியே நுழைவதும் கடினம். பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இதை நொதிக்கவைத்துத் தின்கின்றன, அதன்வழி ஏதேனும் பலன் வரக்கூடும் என்பது இன்றைய ஊகம். ஊகத்தில் தவறில்லை. ஆனால் எலிக்கு ஊசி மூலம் செலுத்திக் கண்ட விளைவைப் பொட்டலத்தின் மேல் அச்சடிப்பதில் தவறு இருக்கிறது.

மனிதர்களிடம் நடந்தவை சிறிய சோதனைகள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 67 பேரிடம், நாளுக்கு 300 மில்லிகிராம் பாலிசாக்கரைடு கொடுத்து மூன்று மாதம் நடத்திய சீன ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. ரத்தச் சர்க்கரை ஓரளவு குறைந்ததாக அது சொன்னது. பிரித்தெடுத்த பாலிசாக்கரைடில் கண்ட அந்த முடிவை உலர்பழத்துக்குப் பொருத்தக் கூடாது. உலர்பழத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரையே இருக்கிறது. 'சுகருக்கு நல்லது' என்று கைப்பிடி கைப்பிடியாகத் தின்கிற உறவினர் எல்லோருக்கும் இருப்பார். அவரிடம் இதைச் சொல்வது சங்கடமான வேலை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2008இல் வெளியான இன்னொரு ஆய்வு, நலமாக உள்ள சிலரிடம் 14 நாள் கோஜி ஜூஸ் கொடுத்து 'சுறுசுறுப்பு கூடியது, தூக்கம் நன்றாக வந்தது' என்று எழுதியது. நடத்தியது ஜூஸ் விற்றவர்களே.

பாலிசாக்கரைடுக்கு அடுத்தது நிறமி. கோஜியின் சிவப்பு, ஜியாசாந்தின் என்ற கரோட்டினாய்டால் வருகிறது. பெரும்பாலும் அது இரண்டு பால்மிடிக் கொழுப்பமிலங்களோடு பிணைந்த டைபால்மிடேட் வடிவில் இருக்கும். உலர்பழத்தில் மொத்தக் கரோட்டினாய்டு 0.03 முதல் 0.5 சதவீதம் வரை வேறுபடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை இந்த ஒரே சேர்மம்தான். உணவுப் பொருள்களில் ஜியாசாந்தின் இவ்வளவு செறிவாகக் கிடைப்பது அபூர்வம். பொதுவாக நம் தட்டில் அதன் சகோதரியான லூட்டின்தான் அதிகம்.

மூன்றாவது, வைட்டமின் சியோடு ஒரு குளுக்கோஸ் ஒட்டிய சேர்மம். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். உலர்பழத்தில் சுமார் அரை சதவீதம் இருக்கும். சாதாரண வைட்டமின் சியைவிட நிலையானது. எடையில் கணிசமானது. இருந்தும் விளம்பரங்களில் இதன் பெயர் தலைகாட்டுவதே இல்லை. பீட்டெய்ன், ரூட்டின் முதலிய ஃபிளேவனாய்டுகள், சில ஃபீனாலிக் அமிலங்கள் ஆகியவையும் உண்டு. அவை மற்ற பல காய்கனிகளிலும் இருப்பவையே. வேர்ப்பட்டையில் உள்ள குக்கோஅமைன் என்ற சேர்மங்கள் ரத்த அழுத்தத்தோடு தொடர்புபடுத்தப்பட்டவை. பழத்தைத் தின்று அந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது.

சோதனைக் குழாயும் உடம்பும்

இரும்பு துருப்பிடிப்பதுபோல் உடம்பும் ஆக்ஸிஜனால் தேய்கிறது, அதைத் தடுப்பவை ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள் என்பது நாம் எல்லோரும் கேட்ட விளக்கம். டென்ஹாம் ஹார்மன் 1956இல் முன்வைத்த 'ஃப்ரீ ராடிக்கல்களால் மூப்பு' என்ற கருதுகோளின் எளிய வடிவம் அது. 1990களில் இதை அளக்கக் கருவிமுறைகள் வந்தன. 1993இல் ஓராக், 1996இல் ஹாங்காங்கில் ஐரிஸ் பென்சியும் ஸ்ட்ரெயினும் உருவாக்கிய ஃப்ராப் என்று பல. ஒரு பழச்சாற்றைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அது எவ்வளவு ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று எண் கொடுக்கும் முறைகள் இவை. அந்த எண்கள் வந்ததும் விற்பனையாளர்களுக்குக் கொண்டாட்டம். கோஜியின் ஓராக் எண் இவ்வளவு, மாதுளையினுடையது அவ்வளவு என்று பட்டியல் போட்டார்கள். அமெரிக்க வேளாண் துறை தன் ஓராக் தரவுத்தளத்தையே 2012இல் நீக்கிவிட்டது. இந்த எண்களுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, உணவு நிறுவனங்கள் இதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது. இன்றும் பொட்டலங்களில் அந்த எண்ணைப் பார்க்கலாம்.

எண்ணோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெரிய மனிதச் சோதனைகள் இந்தக் கருதுகோளையே அடித்துப்போட்டன. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. முடிவு வெளியானது 1994இல். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் கேரட் ஆய்வு, கூடுதல் 28 சதவீதம் என்று கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு, உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு வைட்டமின் சி, இ மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தது. பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வர வேண்டிய முன்னேற்றத்தை அந்த மாத்திரைகள் மழுங்கடித்தன. உடம்பு தானே உண்டாக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் செல்களுக்குச் செய்தி சொல்லும் தூதர்களாகவும் இருக்கின்றன; எல்லாவற்றையும் துடைத்தெறிவது நன்மை இல்லை என்பதே இன்றைய புரிதல்.

நம் பக்கத்துச் சான்று

இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சொந்தமான, உலகத் தரமான சான்றுகள் மூன்று இருக்கின்றன. நம் பத்திரிகைகளில் இவற்றைப் பற்றி அதிகம் படித்ததில்லை. கோஜி விளம்பரத்தைவிட இவை நமக்கு நெருக்கமானவை என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

முதலாவது 1990. திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளுக்கு ஓராண்டு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். லட்சுமி ரகமத்துல்லா தலைமையில் அரவிந்த் கண் மருத்துவமனைக் குழு நடத்தியது. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது. எந்த ஜூஸ் பாட்டிலும் கனவுகூடக் காண முடியாத விளைவு. அந்தக் குழந்தைகளின் உடம்பில் வைட்டமின் ஏ பற்றாக்குறை இருந்ததே அதற்குக் காரணம். இல்லாததைக் கொடுத்தார்கள், உயிர் நின்றது.

இரண்டாவது 2006இல் வெளியானது. அதே அரவிந்த் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, தென்னிந்தியக் கிராமங்களில் நடுவயதை எட்டும் 798 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் இ மூன்றும் கலந்த மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகள். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. கண்புரை இரு தரப்பிலும் ஒரே வேகத்தில் வளர்ந்தது. அந்த மக்கள் தங்கள் சாப்பாட்டில் இந்தச் சத்துகளைக் குறைவாகவே பெற்றவர்கள். புரையும் அங்கே அதிகம். மாத்திரை எங்காவது வேலை செய்யுமென்றால் அங்கேதான் செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 60 வயதைத் தாண்டிய 5,638 பேரிடம் வட இந்தியாவிலும் தெற்கே புதுச்சேரிப் பகுதியிலும் நடத்தி 2011இல் வெளியான கணக்கெடுப்பு. ரத்தத்தில் வைட்டமின் சி பற்றாக்குறை வடக்கே 74 சதவீதம் பேருக்கு, தெற்கே 46 சதவீதம் பேருக்கு. போதுமான அளவு இருந்தவர்கள் தெற்கே நால்வரில் ஒருவர்தான். அதே ஆய்வின் இன்னொரு பகுதி, ரத்தத்தில் வைட்டமின் சி அதிகம் உள்ளவர்களுக்குக் கண்புரை குறைவாக இருந்ததைக் காட்டியது. மேலே சொன்ன மாத்திரைச் சோதனையோடு இது முரண்படுவதுபோல் தெரியும். வாழ்நாள் முழுதும் காயும் பழமும் தின்றவருக்கும், நடுவயதில் மாத்திரை விழுங்கியவருக்கும் உள்ள வேறுபாடாக இதைப் படிக்கலாம். பழம் வாங்க வசதி உள்ளவருக்கு வேறு பல வசதிகளும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் வட்டாரத்து முதியவர்களிடம் இருக்கும் உண்மையான குறை, கொய்யாவும் நெல்லியும் எட்டும் தூரத்தில் இருக்க, வைட்டமின் சி பற்றவில்லை என்பது. கடல் கடந்து வரும் பழம் தீர்க்க வேண்டிய குறை இல்லை அது.

கண் என்ற விதிவிலக்கு

இனி கோஜிக்குச் சாதகமான பகுதி. விழித்திரையின் நடுவில் மேக்யூலா என்ற மஞ்சள் புள்ளி இருக்கிறது. நாம் படிப்பதும் முகம் அறிவதும் அந்தச் சிறு பரப்பால். அங்கே உடம்பு லூட்டினையும் ஜியாசாந்தினையும் பொறுக்கிச் சேர்த்துவைக்கிறது. மையத்தில் ஜியாசாந்தினும் அதன் இன்னொரு வடிவமும், ஓரங்களில் லூட்டினும். நீல ஒளியை வடிகட்டும் வேலையை இவை செய்கின்றன. இரண்டையும் உடம்பால் உற்பத்தி செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட திசு, ஒரு குறிப்பிட்ட சேர்மத்தைத் தேடிச் சேர்க்கிறது. 'ஆன்டி-ஆக்ஸிடன்ட் நல்லது' என்ற பொத்தாம்பொதுப் பேச்சிலிருந்து இது வேறுபட்டு நிற்பது இதனால்தான்.

கோஜி தின்றால் ரத்தத்தில் ஜியாசாந்தின் ஏறுகிறதா? ஏறுகிறது. ஹாங்காங் ஆய்வொன்றில் (2005) நாளுக்கு 15 கிராம் பழம் 28 நாள் தின்றவர்களுக்கு இரண்டரை மடங்கு ஏறியது. அந்த 15 கிராமில் இருந்தது 3 மில்லிகிராம் அளவு. அடுத்த ஆண்டு பென்சியின் குழு சமையலுக்குப் பயன்படும் ஒன்றைக் கண்டது: பழத்தைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூடான பாலில் அரைத்துக் கொடுத்தால், சுடுநீரில் அரைத்ததைப்போல மூன்று மடங்கு ஜியாசாந்தின் உடம்பில் சேர்கிறது. வெறும் வாயில் மெல்வது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் கரோட்டினாய்டு என்பது கொழுப்பில் கரைவது. நம் கீரை மசியலில் எண்ணெய் தாளித்து ஊற்றுவதற்கும் இதே நியாயம் உண்டு.

ரத்தத்தில் ஏறியது கண்ணுக்குப் போனதா? 2011இல் வந்த ஆய்வில் 65 முதல் 70 வயது வரையிலான 150 பேர் பங்கேற்றார்கள். 90 நாள் பாலில் பதப்படுத்திய கோஜிப் பொடி எடுத்தவர்களுக்கு மேக்யூலா நிலையாக இருந்தது. எடுக்காதவர்களுக்கு நிறம் மங்கலும் கழிவுப் படிவும் சற்றுக் கூடின. ஆய்வுக்குப் பின்னால் நெஸ்லே நிறுவனம் இருந்தது. 2021இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 27 பேரிடம் செய்த ஆய்வில், வாரம் ஐந்து நாள் 28 கிராம் கோஜி தின்றவர்களின் மேக்யூலா நிறமி அடர்த்தி 90 நாளில் கூடியது. லூட்டின்–ஜியாசாந்தின் மாத்திரை எடுத்த மற்றவர்களுக்குக் கூடவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் அளந்தது நிறமியை, பார்வையை இல்லை. முதுமையில் வரும் மேக்யூலா சிதைவை கோஜி தடுத்தது என்று சொல்ல பல ஆண்டுகள் நீளும் பெரிய ஆய்வு வேண்டும், அது இல்லை. அந்த நோயில் ஏற்கெனவே இடைநிலையை எட்டியவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மாத்திரைக் கலவை 2013இல் முடிந்த ஏரெட்ஸ்-2 ஆய்விலிருந்து வந்தது. அதில் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஜியாசாந்தினும் இடம்பெற்றன, புகைபிடித்தவர்களுக்கு ஆபத்தான பீட்டா கரோட்டினுக்கு மாற்றாக. அந்த லூட்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? செண்டுமல்லிப் பூவிலிருந்து. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் ஆலைகளுக்காக வயல் வயலாகப் பயிராகும் அதே பூதான்.

விஷமும் மருந்தும்

ஊமத்தையின் உறவு என்பதால் கோஜியில் அட்ரோபின் இருக்குமோ என்ற அச்சம் பல காலம் இருந்தது. அதற்கு வித்திட்டது ஓர் இந்தியத் தாள். இந்திய மாதிரி ஒன்றின் பழத்தில் 0.95 சதவீதம் அட்ரோபின் இருப்பதாக 1989இல் பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் அச்சானது. அது உண்மையென்றால் சீனர்களில் பாதிப் பேர் சூப்புக் குடித்தே போயிருக்க வேண்டும். 2006இல் ஜெர்மன்–ஆஸ்திரிய ஆய்வாளர்கள் நுண்கருவிகளால் அளந்து பார்த்தபோது அதிகபட்சம் கிடைத்தது நூறு கோடியில் 19 பங்கு. முன்பு ஆய்ந்தது வேறு செடியாகவோ தவறிய மாதிரியாகவோ இருந்திருக்கலாம். எப்படியும் அந்த அச்சத்துக்கு இனி இடமில்லை.

உண்மையான ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டுவந்த 61 வயதுச் சீனப் பெண் ஒருவருக்கு, செறிவான கோஜித் தேநீர் குடித்தபின், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு 4.1க்கு ஏறியது 2001இல் மருத்துவ இதழில் பதிவானது. நிறுத்தியதும் இறங்கியது. அதன்பின் இதேபோன்ற நோயாளிகள் மேலும் சிலர் பதிவானார்கள். வாதக்காய்ச்சலால் இதய வால்வு கெட்டு மாற்றுவால்வு பொருத்திக்கொண்டவர்கள் நம் கிராமங்களில் ஏராளம். அவர்கள் சாப்பிடும் அசெனோகூமரால் மாத்திரையும் கல்லீரலில் வார்ஃபரினோடு ஒரே நொதியால் கரைவதுதான். பீச் பழ ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கோஜியும் ஒத்துக்கொள்ளாமல் போவதை ஸ்பெயின் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

கொல்லையில் கிடப்பது

லடாக்கின் குளிர்ப் பாலையில் கோஜியின் கறுப்பு இனமான லைசியம் ரூத்தெனிகம் தானாகவே வளர்கிறது. 'கறுப்பு கோஜி' என்று சீனாவில் சிவப்பைவிட அதிக விலை போவது. அதன் கருநீலத்துக்குக் காரணம் பெட்டுனிடின் வகை அந்தோசயனின்கள், குறிப்பாகக் கூமரிக் அமிலம் ஒட்டிய ஒரு வடிவம். நம் மணத்தக்காளிப் பழத்தின் கருநீலமும் அதே வடிவத்தால் வருவதே. எருக்குழி ஓரத்திலும் வாழைக்கொல்லை வரப்பிலும் விதைக்காமல் முளைக்கும் செடி அது. தருமபுரம் கோயிலின் தலமரம் வாழை என்பதால் சொல்லவில்லை, இந்தப் பக்கம் வாழை இருக்கும் இடமெல்லாம் அடியில் மணத்தக்காளியும் இருக்கும். வாய்ப்புண்ணுக்குக் கீரையும், வற்றல் குழம்புக்குக் காயும் எடுத்துக்கொண்டு, பழுத்ததைக் குருவிக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுவிடுகிறோம். நிறமியைப் பொறுத்தவரை பழுத்ததில்தான் சரக்கு. பச்சைக்காயில் சொலனின் வகை ஆல்கலாய்டுகள் கூடுதல். மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து எண்ணெயில் பொரித்துக் குறைவான அளவில் தின்னும் வழக்கம் நன்று. பச்சையாக அள்ளித் தின்ன வேண்டாம்.

மணத்தக்காளியைத் தூக்கிவைத்து இன்னொரு அதிசயப் பழமாக்குவது என் நோக்கமில்லை. அந்த விபத்து ஏற்கெனவே நம் நுணாவின் உறவுக்கு நேர்ந்தது. பசிபிக் தீவுகளின் நோனி ஜூஸாகத் தமிழ்நாட்டில் அடுக்கு விற்பனையில் நுழைந்து, புற்றுநோய் முதல் மூட்டுவலி வரை தீர்ப்பதாக விற்கப்பட்டது. கோஜி நடந்த அதே பாதை.

வைட்டமின் சிக்கு வருவோம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய பட்டியலில் 100 கிராம் நெல்லிக்காய்க்கு 600 மில்லிகிராம் என்று இருந்தது. 2017இல் புதுக்கருவிகளால் அளந்து வெளியிட்ட பட்டியலில் அது 250 அளவுக்கு இறங்கியது. கொய்யா பழைய பட்டியலிலும் புதியதிலும் 200க்கு மேல். அதாவது நெல்லியைப் பற்றிய பெருமையில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும், கொய்யாவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டும் உலர் கோஜியை நாலைந்து மடங்கு மிஞ்சுகின்றன. முருங்கைக்கீரையில் பழைய பட்டியல்படி 100 கிராமில் 6,780 மைக்ரோகிராம் கரோட்டின், லூட்டினும் தாராளம். ஜியாசாந்தின் மட்டும் வேண்டுமென்றால் மஞ்சள் மக்காச்சோளமும் முட்டைக் கருவும் இருக்கின்றன. அளவு கோஜியைவிடக் குறைவு என்றாலும், கருவில் உள்ள கொழுப்போடு சேர்ந்து வருவதால் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையார் திருவிழாவின் பிச்சாண்டவர் வீதியுலாவில் மாடியிலிருந்து வீசும் மாங்கனியும் கரோட்டின் கனிதான். அதை யாரும் சூப்பர்ஃபுட் என்று சொல்லி விற்கவில்லை என்பது ஊரின் நல்லகாலம்.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. கண்புரை, குருட்டுத்தன்மை, சர்க்கரை நோய், புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டு. உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் பெருமை பேசுவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளும் இடம் தருவதில்லை. பொட்டலத்தின் முதுகில் எழுதாததை வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள் என்பதுதான் நடைமுறை.

யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுத்தால் கோஜியை வாங்கிக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு தேக்கரண்டி, சூடான பாலில் அரைத்தோ பாயசத்தில் திராட்சைக்குப் பதிலாகவோ போடலாம், ஒரு கெடுதலும் இல்லை. கைக்காசு செலவழித்து வாங்குவதாக இருந்தால் அதே பணத்துக்குக் கொய்யாவும் முட்டையும் கீரையும் வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொட வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.